நாப்பது தப்படி

எங்க ஊர்ல வருஷத்துக்கு ஒரு நாள் பெருமாளே வேட்டைக்கு வருவார். மாட்டுப்பொங்கல் அன்னைக்கு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, பாலாத்தைத் தாண்டி இக்கரையில இருக்கற திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு வந்து சேருவார். பார்வேட்டைன்னு சொல்லுவோம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடற இடத்துல அன்னைக்கு மணல் தெரியாத அளவுக்கு ஜனம் இருக்கும்.

இந்த வருஷம் பார்வேட்டை பார்க்க சென்னையில இருந்து தங்கச்சி குடும்பம் வந்திருந்தது. அவ மகன் பத்தாவது படிக்கறான். பரண் மேல பானை எடுக்க ஏறினவன், ஒரு மாட்டுக்கொம்பைக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்கினான். மரத்துல மூடி போட்ட பழைய கொம்பு.

"இது என்ன மாமா?"

"எங்க தாத்தா துப்பாக்கிக்கு மருந்து வெச்சிருந்த கொம்புடா."

உடனே அவன் கேட்ட கேள்வி: "அவரு எவ்ளோ தூரத்துல இருந்து சுடுவாரு?"

நான் "நாப்பது தப்படி"ன்னேன். அவனுக்கு முகம் விழுந்துபோச்சு. போன்ல அவன் விளையாடற விளையாட்டுல கிலோமீட்டர் தாண்டி சுடறானாம். அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவா இங்கே எழுதறேன்.

ஒரு தப்படின்னா ரெண்டரை அடி. நாப்பது தப்படின்னா நூறு அடி, கிட்டத்தட்ட 30 மீட்டர். தாத்தாகிட்ட இருந்தது பயிரைக் காப்பாத்த லைசென்ஸ் வாங்கின நாட்டுத் துப்பாக்கி. குழாய் வாய் வழியா கரிமருந்தைக் கொட்டணும், தேங்காய் நாரை வெச்சு கம்பியால இடிக்கணும், மேல ஈய ரவையைப் போட்டு மறுபடி நார் வெச்சு இடிக்கணும். கடைசியா வெளிப்பக்கம் கேப்பு வைக்கணும். ஒரு வெடிக்கு ஒரு நிமிஷமாவது ஆகும். அதுக்குள்ள முயல் அடுத்த ஊருக்குப் போயிடும். அதனால கையில இருக்கறது ஒரே வாய்ப்பு.

அந்தக் கரிமருந்து வெடியுப்பு முக்கால் பங்கு, மீதியில கரியும் கந்தகமும் கலந்தது. குழாய்க்குள்ள புரி கிடையாது, வழவழன்னு இருக்கும். இப்போ ராணுவத்துல இருக்கற ரைபிள்ல உள்ளே திருகாணி மாதிரி புரி இருக்கறதால குண்டு சுழண்டுக்கிட்டே நேராப் போகும். வழுவழுக் குழாய்ல வர்ற ரவை போகப் போக விரியும். முப்பது மீட்டர்ல ஒரு கயித்துக்கட்டில் அகலத்துக்கு விரிஞ்சுடும். அதுக்கு மேல போனா முயல் மேல ஒண்ணு ரெண்டு ரவைதான் படும், அதுக்கும் வேகம் இருக்காது. முயல் சாகாம அடிபட்டு புதருக்குள்ள போய்ப் படுக்கும். வீட்டுக்குக் கறியும் கிடையாது, மருந்தும் ஈயமும் வீண், ஒரு உயிரும் வீண்.

கிட்ட போய் சுட்டா நல்லதுதானேன்னு தோணும். பதினைந்து தப்படிக்குள்ள சுட்டா அத்தனை ரவையும் ஒரே இடத்துல பாயும். கறி கஞ்சியாயிடும், மென்னா பல்லுல ஈயம் இடறும். அதனால பதினைந்துக்கு மேல, நாப்பதுக்கு உள்ள. சோத்துக்காக வேட்டையாடினவங்க கணக்கு இதுதான். பன்னிக்குன்னா ஒத்தைக் குண்டு போடுவாங்க, அதுக்கும் இருபத்தைஞ்சு தப்படிக்குள்ள வரட்டும்னு காத்துக்கிடப்பாங்க.

துப்பாக்கி வர்றதுக்கு முன்னாடி தூரம் இதைவிடக் குறைச்சல். ஆப்பிரிக்கா கலஹாரி பாலைவனத்துல சான் மக்கள் ஒரு வண்டோட புழுவிலிருந்து எடுத்த விஷத்தை அம்புல தடவி வேட்டையாடுவாங்க. அவங்க வில்லுக்கும் இருபத்தைஞ்சு மீட்டர்தான் எல்லை. அதனால மணிக்கணக்குல தவழ்ந்து போவாங்க. நம்ம பக்கம் நரிக்குறவர்கள் போர்வைக்குள்ள உட்கார்ந்து நரி மாதிரியே ஊளையிடுவாங்களாம். நரி தானா தேடிக்கிட்டு தடியடி தூரத்துக்கே வரும். கௌதாரிக்கும் காடைக்கும் கண்ணியும் வலையும். இருளர்களுக்குத் தூரமே கிடையாது. வளையைப் பார்த்தே உள்ள எலி இருக்கா பாம்பு இருக்கான்னு சொல்லி, கையை விட்டு எடுப்பாங்க. கையில இருக்கற கருவி எவ்வளவு எளிசோ, அந்த அளவுக்கு மிருகத்தைப் பத்தின அறிவு வேணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குது, முயல் எந்த வரப்புல ஏறும், எப்போ காதைத் தூக்கும், எல்லாம் தெரிஞ்சாத்தான் நாப்பது தப்படிக்குள்ள போக முடியும்.

நல்ல ரைபிளும் தொலைநோக்கியும் இருக்கற அமெரிக்காவுல கூட, கறிக்காக மான் வேட்டையாடறவங்க பெரும்பாலும் நூறு கஜத்துக்கு உள்ளதான் சுடறதா சொல்றாங்க. காட்டுல அதுக்கு மேல கண்ணு போகாது.

மருமகன் விளையாட்டுல வர்ற 'ஸ்னைப்பர்' இருக்கானே, அவன் பேரு பிறந்ததே நம்ம நாட்டு வயக்காட்டுலதான். உள்ளான்னு ஒரு குருவி மழைக்காலத்துக்குப் பின்னாடி வந்து சேத்து வயல்ல மேயும். இங்கிலீஷ்ல அதுக்கு ஸ்னைப்னு பேரு. நிறம் சேறு மாதிரியே இருக்கும், கால்கிட்ட வர்ற வரைக்கும் தெரியாது. திடீர்னு எழும்பி வளைஞ்சு வளைஞ்சு பறக்கும். 1770-களில் இந்தியாவுல இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் இதைச் சுடப் போறதை 'ஸ்னைப்பிங்'னு கடிதங்கள்ல எழுதினாங்க. அதுல இருந்துதான் ஸ்னைப்பர்ங்கற வார்த்தை. இருபது, முப்பது கஜத்துல பறக்கற குருவியைச் சுட்டவன் பேரு, இன்னைக்கு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால இருக்கற மனுஷனைச் சுடறவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு.

அந்தத் துரைமார் துப்பாக்கிக்கு நம்ம பக்கத்து ஊர்க்காரங்க ஒரு எல்லை போட்டாங்க. வேடந்தாங்கல் ஏரியில கடம்ப மரத்துல கூடு கட்டற நாரையையும் கொக்கையும் செங்கல்பட்டுல இருந்து சிப்பாய்கள் வந்து சுட்டுக்கிட்டு இருந்தாங்க. கூட்டுல குஞ்சு இருக்கற பறவை பறந்து போகாது, அதைச் சுட திறமையும் வேண்டாம், தூரமும் வேண்டாம். ஊர்க்காரங்க கலெக்டர்கிட்ட போனாங்க. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம், பறவை போனா எங்க வெள்ளாமையும் போகும்னு அவங்க நியாயம். 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அந்தப் பறவைகளைக் காக்க ஊருக்கு உரிமை கொடுத்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில வர்ற அதே துரைதான். வேடந்தாங்கல் 1936-ல் சரணாலயமா அறிவிக்கப்பட்டது. இன்னைக்கும் அந்த ஊர்ல தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டாங்க.

இனி தாத்தா விஷயத்துக்கு வரேன். துப்பாக்கி நாப்பது தப்படி எட்டும்னு சொன்னேன். ஆனா தாத்தா அதுக்கு மேல இன்னொரு சட்டம் வெச்சிருந்தார்: மூக்கும் காதும் தெரியாம சுடக்கூடாது. இருட்டுல அசையறதைப் பார்த்து சுடக்கூடாது, சத்தம் கேட்டு சுடவே கூடாது. தசரதன் கதை எல்லாருக்கும் தெரியும். ஆத்துல குடம் மொள்ளுற சத்தத்தை யானைன்னு நெனச்சு அம்பு விட்டவன், ஒரு பிள்ளையைக் கொன்னான்.

தாத்தாவுக்கு அந்தக் கதை தேவைப்படல. நான் பொறக்கறதுக்கு முன்னாடி, வேர்க்கடலை விளைஞ்ச நேரத்துல, ராத்திரி கொல்லையில சரசரன்னு சத்தம். பன்னின்னு நெனச்சு சுட்டுட்டார். ஓடிப்போய் லாந்தரைத் தூக்கிப் பார்த்தா கன்னுக்குட்டி. கயித்தை அறுத்துக்கிட்டு வந்த பக்கத்து வீட்டு விதவை அம்மாவோட கன்னு. விடியறதுக்குள்ள நம்ம தொழுவத்துல இருந்த சினைப் பசுவை ஓட்டிக்கிட்டுப் போய் அவங்க வாசல்ல கட்டிட்டார். அதோட விடல. சாகிற வரைக்கும் சனிக்கிழமை தவறாம பெருமாள் கோயிலுக்கு விளக்கெண்ணெய் வாங்கிக் கொடுத்தார். ஏன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டார். பாட்டிதான் எங்ககிட்ட சொன்னாங்க.

எங்க கோயில் சுவத்துல வீரராஜேந்திர சோழன் காலத்துப் பெரிய கல்வெட்டு இருக்கு. இங்கே பள்ளியும், 15 படுக்கை உள்ள ஆதுலர் சாலையும் நடந்ததைச் சொல்ற கல்வெட்டு. அதைப் பார்க்க வர்றவங்ககிட்ட பேசிப் பேசித்தான் எனக்கும் கல்வெட்டு மேல ஆசை வந்தது. அப்புறம் புத்தகத்துல படிச்ச ஒரு விஷயம் என்னை உலுக்கிடுச்சு. சோழர் காலத்துல வேட்டைக்குப் போன இடத்துல மிருகம்னு நெனச்சு ஆள் மேல அம்பு விட்டுட்டவங்க வழக்குகள் கல்வெட்டுகள்ல இருக்கு. வேணும்னு செய்யலன்னு ஊரும் நாட்டாரும் தீர்மானிச்சா, உயிருக்கு உயிர் கேட்க மாட்டாங்க. செத்தவன் பேரால கோயில்ல விளக்கு எரிக்க ஆடு கொடுக்கச் சொல்லுவாங்க. அணையாத விளக்கு ஒண்ணுக்கு 96 ஆடு கணக்கு. சாவா மூவாப் பேராடுன்னு எழுதியிருக்கும். மந்தை குறையாமப் பார்த்துக்கணும், நெய் நிக்கக்கூடாது. எங்க தாத்தா ஒரு கல்லெழுத்தும் படிச்சவர் இல்ல. ஆனா அவர் செஞ்சது அதையேதான்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல், உடும்பு, கௌதாரி எல்லாம் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு. தாத்தா துப்பாக்கியை உரலுக்குப் பின்னாடி சாத்தி வெச்சார், அவர் காலத்துக்கு அப்புறம் அப்பா அதைப் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சார். எங்களுக்கு நிலம் இருந்தது, சமாளிச்சோம். வேட்டையே பிழைப்பா இருந்த நரிக்குறவர்கள் ஊசி மணி பாசி மணிக்குப் போனாங்க. பாம்புத் தோல் வித்த இருளர்கள் 1978-ல் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில கூட்டுறவுச் சங்கம் வெச்சு, பாம்பைப் பிடிச்சு விஷம் எடுத்துட்டு திரும்ப விட்டாங்க. பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம் போகுது. கையெட்டு தூரத்து அறிவு வீணாகல.

இதெல்லாம் பழங்கதைன்னு விட்டிருப்பேன். போன தையில என் வேர்க்கடலைக் கொல்லையில பன்னி இறங்கிடுச்சு. ஒரே ராத்திரியில கால் காணி உழுதுபோட்ட மாதிரி. 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு முடிவு சொல்லியிருக்கு: காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள பன்னியைச் சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள்ள பிடிச்சு காட்டுல விடணும், 3 கிலோமீட்டர் தாண்டினா வனத்துறை ஆளுங்க சுடலாம். விவசாயி சுட முடியாது. மனு கொடுத்துட்டு காத்துக்கிட்டு இருக்கும்போது ஒருத்தர் வந்து காதுல ஓதினார்: "எதுக்குண்ணே கண்ணு முழிக்கறீங்க? வரப்பைச் சுத்தி ஒத்தைக் கம்பி கட்டி கரண்டைக் கொடுங்க. காலையில போய் கறியை எடுத்துக்கலாம்."

எனக்கு ஆசை வரலன்னு சொன்னா பொய். கடனை வெச்சுக்கிட்டு நஷ்டத்தைப் பார்க்கறவனுக்கு எல்லாம் தோணும். கம்பிச் சுருள் வீட்டுலயே கிடந்தது. ஆனா அந்தக் கம்பிக்கு மூக்கும் காதும் தெரியாது. பன்னி வந்தாலும் கன்னு வந்தாலும், விடியக்காலையில தண்ணி கட்ட வர்ற பக்கத்துக் கொல்லைக்காரர் வந்தாலும் அதுக்கு ஒண்ணுதான். வைக்கறவன் வீட்டுல தூங்கிக்கிட்டு இருப்பான். இப்படி வெச்ச கம்பியில ஆள் செத்து, வெச்ச விவசாயி ஜெயிலுக்குப் போற செய்தி பேப்பர்ல அடிக்கடி வருது. வெடி வெச்ச அவுட்டுக்காயும் இதே ஜாதிதான். மாடு கடிச்சா மாட்டு வாய் கிழியும். தாத்தா கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே ஒரு தடவை தப்பு பண்ணினார், அதுக்கே ஆயுசு முழுக்க விளக்கு ஏத்தினார்.

நான் கம்பி கட்டல. பரண் போட்டு, டின்னும் டார்ச்சும் வெச்சுக்கிட்டு பதினெட்டு ராத்திரி உட்கார்ந்தேன். மூணு மூட்டை கடலை போச்சு, மிச்சம் வீட்டுக்கு வந்தது.

சாயங்காலம் மருமகனைக் கொல்லைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். வரப்பு மேல நாப்பது தப்படி எண்ணி நடந்து திரும்பிப் பாருன்னேன். நின்னு பார்த்தான். "என்னடா தெரியுது?"

"உங்க மீசை தெரியுது மாமா. துண்டுல கரை தெரியுது."

"இன்னும் நூத்தைம்பது போ."

போனான். இருட்டிக்கிட்டு வந்தது. நான் சோளக்கொல்லை பொம்மைக்குப் பக்கத்துல போய் அசையாம நின்னேன். அங்கிருந்து கத்தினான்: "மாமா, ரெண்டுல எது நீங்க?"

நீங்களும் உங்க தெருவுல ஒரு தடவை எண்ணி நடந்து பாருங்க.