வியாபாரத்தின் இணையப் பெயர் யாருடைய பெயரில் இருக்கிறது?



தியாகதுருகத்தில் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தார் பாகப்பிரிவினை விஷயமாக நம்மிடம் வந்தார்கள். தகப்பனார் வஃபாத்தாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. கடை, சரக்கு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். வெளியூர் ஆர்டர்கள் வந்துகொண்டிருந்த இணையதளம் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. கேட்டபோது, "அதுவும் சொத்தா அஜ்ரத்?" என்றார் மூத்த மகன். அவர்கள் வருவதற்குப் பத்து நாள் முன்பே அந்தத் தளம் நின்று போயிருந்தது. விசாரித்ததில், பெயர் தகப்பனார் பெயரிலேயே இல்லை. தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர், மர்ஹூம் அவர்களுக்கு அப்போது மின்னஞ்சல் இல்லாததால் தம் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் பயன்படுத்தாமல் விட்ட பழைய மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

அவர் அமானிதம் பேணும் மனிதர். கூடுதல் கட்டணம் கட்டிப் பெயரை மீட்டு, வாரிசுகளிடம் ஒப்படைத்தார். அல்ஹம்துலில்லாஹ். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. எனவே வியாபாரம் செய்யும் நம் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

டொமைன் என்பது என்ன?

இணையதளம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் மூன்று விஷயங்கள் உள்ளன. கடையின் பெயர்ப்பலகை போன்றது டொமைன். கடை இருக்கும் இடம் போன்றது ஹோஸ்டிங். உள்ளே அடுக்கியிருக்கும் சரக்கு போன்றவை தளத்தின் பக்கங்கள். மூன்றையும் ஒருவரிடமே வாங்கலாம், வெவ்வேறு இடங்களிலும் வாங்கலாம். இடத்தை மாற்றினாலும் பெயர்ப்பலகை நம்முடையதாக இருந்தால் வாடிக்கையாளர் நம்மிடமே வருவார். பெயர்ப்பலகை போய்விட்டால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை.

டொமைனை யாரும் நிரந்தரமாக வாங்க முடியாது. ஒரு முறைக்கு ஓராண்டு முதல் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்து, தவணை முடியும்போது புதுப்பித்து வர வேண்டும். உலக அளவில் இந்த ஏற்பாட்டை 1998ல் தொடங்கப்பட்ட ஐகான் அமைப்பு ஒருங்கிணைக்கிறது. டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேடு வெரிசைன் நிறுவனத்திடமும், நம் நாட்டின் டாட் இன் பதிவேடு நிக்ஸி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பிடமும் உள்ளன. டாட் இன் பெயர்களைப் பொதுமக்கள் தாராளமாகப் பதிவு செய்ய 2005 ஜனவரியில் வழி திறந்தது. நாம் பணம் கட்டுவது இவர்களிடம் அல்ல, இவர்களின் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்களிடம்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒருவர் 'தியாகதுர்கம்' என்று எழுதுகிறார், இன்னொருவர் 'தியாகதுருகம்' என்று எழுதுகிறார். ஒருவர் நடுவில் 'ஒய்' சேர்க்கிறார், மற்றவர் விட்டுவிடுகிறார். ஊர்ப் பெயரைச் சேர்த்து டொமைன் வைத்தால் பாதி வாடிக்கையாளர்கள் தவறாகத்தான் தட்டச்சு செய்வார்கள். தொலைபேசியில் ஒரு முறை சொன்னால் எதிரில் இருப்பவர் பிழையின்றி எழுத வேண்டும். அதுவே நல்ல பெயருக்கு அடையாளம். புள்ளிக்கு முன்னால் 63 எழுத்துகள் வரை அனுமதி உண்டு என்றாலும், சிறியதே சிறந்தது.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்து, 'டாட் இந்தியா' என்று தமிழில் முடிக்கவும் வசதி இருக்கிறது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் இதே போல் தமிழ் முடிவுகள் உள்ளன. ஆனால் தமிழ் முகவரியை எல்லா மின்னஞ்சல் சேவைகளும் இன்னும் சரியாகக் கையாள்வதில்லை. எனவே அதை இரண்டாவது பெயராக வைத்துக்கொள்வது நல்லது.

பதிவு செய்யும்போது

பதிவு செய்பவர் என்ற இடத்தில் உரிமையாளரின் பெயரோ, கூட்டு வியாபாரமானால் நிறுவனத்தின் பெயரோ இருக்க வேண்டும். வடிவமைப்பாளரைத் தொழில்நுட்பத் தொடர்பாளராக மட்டும் குறிப்பிடலாம். கூட்டாளிகளில் ஒருவர் பெயரில் பதிவு செய்துவிட்டுப் பின்னாளில் பிரியும்போது மனஸ்தாபப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனத்தில் அல்லாஹ் விரிவாக வழிகாட்டியிருக்கும்போது, இதை வாய்ப்பேச்சில் விடுவது முறையல்ல.

மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் நம்முடையவையாக, தினமும் பார்ப்பவையாக இருக்கட்டும். டாட் காம் போன்ற பெயர்களில், பதிவு செய்த 15 நாட்களுக்குள் மின்னஞ்சலை உறுதிப்படுத்தாவிட்டால் பெயர் முடக்கப்படலாம். முதலாண்டு விலையை மட்டும் பார்க்காமல், புதுப்பிக்கும் விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்தை மாற்ற விரும்பினால் அதற்கான ரகசியக் குறியீட்டைப் பழைய நிறுவனம் தர வேண்டும். ஆனால் பதிவு செய்த முதல் 60 நாட்களுக்குப் பொதுவாக மாற்ற முடியாது.

தவணை தவறினால்

டாட் காம் பெயருக்குத் தவணை முடிந்த பின் பதிவு நிறுவனம் 45 நாட்கள் வரை அவகாசம் தரலாம். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதில் கட்டணம் பல மடங்காகும். அடுத்த 5 நாட்களில் பெயர் அழிந்து, யார் வேண்டுமானாலும் எடுக்கும் நிலைக்கு வந்துவிடும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை வைத்திருந்தாலும், வங்கி அட்டை காலாவதியாகியிருந்தால் அது வேலை செய்யாது.

பெயரைப் பிறர் எடுத்துவிட்டால்

நம் நாட்டில் இதற்கு வழிகாட்டும் தீர்ப்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் வழக்கில்தான் வந்தது. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999 முதல் 'சிஃபி' என்ற சொல்லை வைத்து டொமைன்களைப் பதிவு செய்திருந்தது. பின்னர் சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் ஏறத்தாழ அதே ஓசையில், ஓரெழுத்துக் கூடுதலாகப் பெயர் வைத்தது. பெங்களூரு நகர சிவில் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை மீண்டும் உறுதி செய்தது. டொமைனுக்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பதே தீர்ப்பின் சாரம்.

நீதிமன்றம் போகாமலும் வழி உண்டு. டாட் காம் பெயர்களுக்கு 1999 முதல் உலகளாவிய தகராறு தீர்வு முறை இருக்கிறது. டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸியிடம் புகார் செய்தால் நடுவர் விசாரிப்பார். இரண்டிலும், அந்தப் பெயரை முதலில் நாமே பயன்படுத்தினோம் என்பதற்கான ஆவணம் முக்கியம். எனவே பழைய ரசீதுகள், விளம்பரங்கள், ஜிஎஸ்டி பதிவு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகப் பெயரும் வணிகச் சின்னமும் பண மதிப்புள்ள உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. இந்த அடிப்படையில் டொமைனும் வியாபாரப் பெயரின் ஒரு பகுதியே என்பது நம் கருத்து. ஒருவர் பாடுபட்டு வளர்த்த பெயரைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பெருந்தொகை கேட்டு அவரை நெருக்குவது ஹலாலான சம்பாத்தியமல்ல. வாங்கும் எண்ணமில்லாமல் ஏலத்தில் விலையை ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' ஹதீஸில் தடுக்கப்பட்டது. டொமைன் ஏலத்துக்கும் அது பொருந்தும். யாருக்கும் உரிமையில்லாத பொதுவான பெயரை வாங்கி, நியாயமான இலாபத்தில் விற்பது இதில் சேராது.

பண மதிப்புள்ள உரிமை என்றால் அது வாரிசுரிமையிலும் சேரும். அந்த மூத்த மகனின் கேள்விக்கு நாம் சொன்ன பதிலும் இதுதான்: "ஆம், அதுவும் சொத்துதான். மதிப்பிட்டுப் பங்கில் சேருங்கள்."

இன்றே செய்ய வேண்டியது

ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: டொமைனின் பெயர், எந்த நிறுவனத்தில் பதிவு, யார் பெயரில், எந்த மின்னஞ்சல், எந்தத் தேதியில் தவணை, ஹோஸ்டிங் எங்கே. கடவுச்சொல்லைத் தனித்தாளில் எழுதி, வீட்டில் நம்பிக்கையான ஒருவர் அறியும் இடத்தில் வையுங்கள். வஸிய்யத் எழுதி வைப்பவர்கள் இந்தத் தாளையும் அதனுடன் சேர்த்து வைக்கலாம். இதற்குப் பத்து நிமிடம் போதும். நமக்குப் பின் நம் பிள்ளைகள் அலையாமலும், ஒருவரையொருவர் சந்தேகிக்காமலும் இருக்க இது உதவும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக! அமானிதங்களைப் பேணுவோரில் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.