சாவிக்கொத்தும் செவிலியும்

"இவனை ஆக்ராவுக்கு அனுப்பிவைக்க வேண்டும்!" தில்லியிலும் கான்பூரிலும் வாழும் தமிழன்பர்கள் இந்தக் கேலியைப் பலமுறை கேட்டிருப்பார்கள். கிழக்கே பாட்னா பக்கம் சென்றால் ஆக்ராவின் இடத்தை ராஞ்சி பிடித்துக்கொள்ளும். கேரளத்தில் குதிரவட்டம், நமக்குக் கீழ்ப்பாக்கம். மொழிக்கு மொழி ஊர் மாறுகிறதே தவிர, பேச்சின் உட்பொருள் மாறுவதில்லை. மனநோய் மருத்துவமனை அங்கே அமைந்துவிட்ட ஒரே காரணத்தால் அந்த ஊர்களின் பெயர்கள் வசைச்சொற்களாகிவிட்டன.

இந்த ஏளனத்துக்கு அடியில் ஓர் அச்சம் இருக்கிறது. அந்த மதிலுக்குள் போனவர் திரும்பி வரமாட்டார் என்ற அச்சம் அது. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தில் நோயாளி மட்டும் இல்லை. இரவும் பகலும் அவர் அருகில் இருந்த பணியாளரும் இருக்கிறார். முன்னவரைப் பற்றி எப்போதாவது பேசுகிறோம்; பின்னவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆனால் இருவரின் நலமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டது. ஒன்று தாழ்ந்தபோது மற்றதும் தாழ்ந்தது. ஒன்று உயர்ந்தபோது மற்றதும் உயர்ந்தது.

கம்பெனி ஆட்சிக் காலத்தில், 1794ஆம் ஆண்டிலேயே சென்னையில் மனநோயாளருக்கென ஒரு காப்பிடம் ஏற்பட்டது. கீழ்ப்பாக்கத்து விடுதி 1871இல் திறக்கப்பட்டது. அக்காலத்து விடுதிகளில் இன்று நாம் அறிந்த நர்ஸ் இல்லை, வார்டர்தான் இருந்தார். 1912ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்த விடுதிகளின் மேற்பார்வை சிறைத்துறைத் தலைவரிடம் இருந்தது. அதன் பின்னரே மருத்துவ அதிகாரிகளிடம் வந்தது. எனவே வார்டரின் வேலை, தலைகளை எண்ணுவதும் கதவைப் பூட்டுவதும் எவரும் தப்பிவிடாமல் காப்பதுமாக இருந்ததில் வியப்பில்லை. அவர் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. ஆயினும் பூட்டிய கதவுக்கு உட்புறத்தில்தான் அவரும் தம் நாட்களைக் கழித்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அடைபட்டவருக்கு விடுதலை இல்லை. அடைத்தவருக்கு அந்த வேலையில் மனநிறைவு இல்லை.

மாற்றத்தின் முதற் சுவடுகளை ராஞ்சிக்கு அருகிலுள்ள காங்கேயில் காணலாம். அங்கே 1918இல் ஐரோப்பியருக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. அதன் தலைவரான ஓவன் பார்க்லி ஹில், 1922இல் நோயாளிகளுக்குக் கைத்தொழில் வழியாகச் சிகிச்சை தரும் பகுதியை ஏற்படுத்தினார். 'பைத்தியக்கார விடுதி' என்ற பெயர் நீங்கி 'மனநோய் மருத்துவமனை' என்ற பெயர் நாடெங்கும் வழக்குக்கு வந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. இந்தியருக்கான மருத்துவமனை 1925இல்தான் அதே ஊருக்கு வந்தது. துன்பம் ஒன்றாயினும் மதில்கள் இரண்டாக இருந்த காலம் அது.

விடுதலைக்கு முந்திய ஆண்டான 1946இல், போர் குழு நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. நாற்பது கோடி மக்களுக்கு மனநோய் மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகள் சுமார் 10,000 மட்டுமே. அதாவது 40,000 பேருக்கு ஒரு படுக்கை. பயிற்சி பெற்ற தாதியரோ அதைவிட அரியர். சென்னை அரசாங்கம் 1943இல், ஆண் தாதியருக்கு மகப்பேற்றுப் பயிற்சிக்குப் பதிலாக, மனநோய் மருத்துவமனையில் மூன்று மாதப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தது. வேறொன்றுக்கு மாற்றாக இந்தக் கல்வி நுழைந்த விதமே, அன்று அதற்கிருந்த மதிப்பைச் சொல்லும். பெங்களூரில் 1954இல் அகில இந்திய மனநலக் கழகம் தோன்றியது. 1956இல் அங்கே மனநோய்த் தாதியருக்கான டிப்ளமா படிப்பு தொடங்கியது. பின்னர் 1974இல் 'நிம்ஹான்ஸ்' என்று பெயர் பெற்ற நிறுவனம் இதன் வழி வந்ததே. சாவி சுமந்த கையில் இவ்வாறு புத்தகம் வந்து சேர்ந்தது.

எனினும் இக்கதையின் மிகச் சிறந்த அத்தியாயம் ஏட்டுப் படிப்பால் எழுதப்பட்டதன்று; பற்றாக்குறையால் எழுதப்பட்டது. தேசப் பிரிவினைக்குப் பின் நிலத்தையும் சொத்தையும் பங்கிட்டதுபோல மனநோயாளரையும் இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன. 1950இல் லாகூர் மருத்துவமனையிலிருந்து நூற்றுக்கணக்கான இந்து, சீக்கிய நோயாளிகள் அமிர்தசரஸுக்குக் கொண்டுவரப்பட்டனர். இங்கிருந்த முஸ்லிம் நோயாளிகள் அங்கே அனுப்பப்பட்டனர். நெரிசல் மிகுந்து, பணியாளர் குறைந்து கிடந்த அந்த அமிர்தசரஸ் மருத்துவமனையை 1950களில் நடத்திய டாக்டர் வித்யாசாகர் ஓர் எளிய வழியைக் கண்டார். மருத்துவமனைத் திடலில் கூடாரங்களை அடித்தார். நோயாளியை விட்டுவிட்டுப் போக வந்த உறவினரைப் பார்த்து, "நீங்களும் உடன் தங்குங்கள்" என்றார்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தாய் பக்கத்தில் இருக்கும்போது நோயாளி வெறும் எண்ணாக இருப்பதில்லை. பெயர் சொல்லி அழைக்கப்படும் மகனாகிறான். நோய் இன்னது, மருந்து இன்னது, எப்படிப் பேசினால் அமைதியடைவான், எதனால் கலங்குவான் என்று உறவினர் கண்ணால் கண்டு கற்கின்றனர். நோய் தணிந்தபின் வீட்டுக்கு அழைத்துச் செல்ல அவர்கள் அஞ்சுவதில்லை. பணியாளரின் நிலையும் மாறுகிறது. நூறு பேரைக் காவல் காக்கும் சுமை குறைகிறது. ஒரு குடும்பத்துக்கு வழிகாட்டும் பெருமை கூடுகிறது. காவலர் ஆசிரியராகிறார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 முதல் உறவினரை உடன் தங்கச் செய்தே சிகிச்சை அளித்தது. மேனாட்டு மருத்துவமனைகள் பலவும் குடும்பத்தாரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்த காலத்தில், நம் நாட்டின் வறுமை அவர்களை உள்ளே அழைத்தது. இல்லாமையிலிருந்து பிறந்த இந்த நன்மையை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.

அதே காலத்தில் மேனாட்டு அறிஞர் சிலர் தாதியின் மனத்தை ஆராயத் தொடங்கினர். தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள உறவே ஒரு மருந்து என்று அமெரிக்கரான ஹில்டகார்ட் பெப்ளோ 1952இல் எழுதினார். லண்டனில் ஒரு பொது மருத்துவமனையை ஆராய்ந்த இஸபெல் மென்ஸீஸ் 1960இல் வெளியிட்ட முடிவு நம்மைச் சிந்திக்க வைப்பது. நோயாளியைப் பெயரால் குறிக்காமல் படுக்கை எண்ணாலும் நோயாலும் குறிப்பது, தாதியின் கல்மனத்தைக் காட்டுவதன்று. தாங்க முடியாத மனக்கலக்கத்திலிருந்து அவள் தன்னைக் காத்துக்கொள்ள அந்த நிறுவனமே அமைத்துத் தந்த கேடயம் அது. ஆனால் அக்கேடயம் அவளையும் காக்கவில்லை என்பதே அவர் கண்டது. நோயாளியிடமிருந்து விலகியவளுக்குத் தன் பணியில் கிடைக்கக்கூடிய மகிழ்ச்சியும் விலகிப் போயிற்று. பரிவு வற்றுதல், மனிதரைப் பொருளாகக் கருதுதல், தன் பணியில் நம்பிக்கை இழத்தல் ஆகிய மூன்றையும் பணிச்சோர்வின் அடையாளங்களாகக் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் 1981இல் வகுத்தார். ஆளில்லாத வார்டில் அடுத்தடுத்து இரவுப்பணி பார்க்கும் தாதியிடம் இம்மூன்றையும் காணும்போது, குற்றம் அவளுடையதன்று என்பதை உணர வேண்டும்.

செவிலியே இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடி காட்டியது. ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாண்டார்கள். பலியானோர் 28 பேர். அச்செய்தி நாட்டின் மனச்சான்றை உலுக்கியது. 2017இல் இயற்றப்பெற்று 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வகையிலும் சங்கிலியிடுதலைத் தடை செய்கிறது. நோயாளியின் தலையைக் கட்டாயமாக மழிக்கக் கூடாது. விரும்பினால் அவர் தம் சொந்த உடையையே உடுத்தலாம் என்றும் அது கூறுகிறது. இவை சிறிய உரிமைகளாகத் தோன்றலாம். மனிதன் தன்னை மனிதனாக உணர்வது இத்தகைய சிறிய உரிமைகளால்தான்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. மனம் கலங்கியவர் தம் துன்பத்தைத் தாய்மொழியில்தான் சொல்வார். அம்மொழி அறியாத வார்டில் அவர் இருமடங்கு அடைபட்டவர். ரயிலேறித் திசை தெரியாமல் அலையும் மனநோயாளரை மீட்டு, சிகிச்சை அளித்து, ஊரும் உறவும் தேடிச் சேர்ப்பிக்கும் பணியை மும்பை மருத்துவர் பரத் வட்வானியும் அவர் துணைவியார் ஸ்மிதாவும் 1988இல் தொடங்கினர். அப்பணிக்காக அவருக்கு 2018இல் மகசேசே விருது கிடைத்தது. இத்தகைய பணியில் நோயாளியின் மொழியில் பேசும் ஒருவரது குரலும் ஒரு திறவுகோலாகும். நம் நகரத்து மருத்துவமனையில் தமிழ் மட்டுமே அறிந்த நோயாளி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டால், நம் தமிழ்ச் சங்கத்திலிருந்து ஒருவர் சென்று அரைமணி நேரம் பேசிவிட்டு வரலாம். அது நோயாளிக்கு ஆறுதல். அவர் சொல்வது புரியாமல் தவிக்கும் தாதிக்கும் ஆறுதல்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, 'நர்ஸ்' என்ற சொல்லுக்குத் தமிழர் 'செவிலி' என்ற பழஞ்சொல்லைத் தேர்ந்தது மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியாமல் துயருறுபவள் செவிலி. தோழி பேசுகிறாள், செவிலி கேட்கிறாள். அங்கே நோயுற்றவள் ஒருத்தி, வருந்துபவர் இருவர். மகளின் நோய் தீர்ந்தால் செவிலியின் துயரும் தீரும். சாவிக்கொத்தை வைத்துவிட்டுச் செவிசாய்க்க நம் செவிலியருக்கு நேரமும் துணையும் மதிப்பும் கிடைக்கும் நாளில், ஆக்ராவும் ராஞ்சியும் கீழ்ப்பாக்கமும் மீண்டும் வெறும் ஊர்ப்பெயர்களாகிவிடும்.