பத்து மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு வரலாறு



அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் மாதிரி ரயில்கள் சேர்ப்பவர். சரக்குப் பெட்டிகள் ஒன்றோடு ஒன்று சரியாகக் கோர்த்துக்கொள்வதில்லை, ஓடும்போது கழன்றுவிடுகின்றன, பழையவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், முதலில் அதன் வரலாற்றைப் படி என்றேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்! அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தச் சிக்கல் முதலில் நிஜ ரயிலுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளை ஓர் இரும்பு வளையமும் ஒரு முளையும் கொண்டு இணைத்தார்கள். வண்டி நெருங்கி வரும்போது பிரேக் தொழிலாளி இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று, வளையத்தைக் கையால் பிடித்து எதிர்த் துளைக்குள் செலுத்த வேண்டும். ஒரு கம்பெனிப் பெட்டி உயரம், இன்னொன்று தாழ்வு. கணம் தவறினால் விரல் போகும். சில நேரம் உயிரே போகும். ஒருவர் எத்தனை வருடம் வேலை பார்த்தவர் என்பதை அவர் கையில் மிச்சமிருக்கும் விரல்களை எண்ணிச் சொல்லிவிடலாம் என்று அந்தக் காலத்தில் பேசிக்கொள்வார்களாம்.

1873இல் ஈலை ஜேனி என்பவர் தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு கைகள் விரல் மடக்கிப் பற்றிக்கொள்வதுபோல இருக்கும். நம் ஊர்ச் சரக்கு வண்டிகளில் இன்று நீங்கள் பார்ப்பதும் அந்த வம்சம்தான். நல்ல கொக்கி கிடைத்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஆளாளுக்கு ஒரு கொக்கி செய்தார்கள். ஒன்று மற்றொன்றோடு சேரவில்லை. 1880களின் இறுதியில் பெட்டி கட்டுவோர் சங்கம் ஜேனி வகையைப் பொது மாதிரியாக ஏற்றது. அதற்கு வழி விட்டு, கொக்கி முகப்பின் வளைவுக்கான காப்புரிமையை ஜேனி தரப்பு விட்டுக்கொடுத்தது. உள்ளே எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், கை கோர்க்கும் இடம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள்.

அப்போதும் பல கம்பெனிகள் செலவைச் சொல்லித் தட்டிக்கழித்தன. அயோவா மாநில விவசாயி லொரென்சோ காஃபின் இதற்காகவே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடைசியில் 1893 மார்ச் 2 அன்று அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆள் நடுவே போகாமல் தானாகப் பூட்டும் கொக்கி கட்டாயமாயிற்று. கொக்கியின் உயரத்துக்கும் பொது அளவு வைக்கச் சட்டம் வழி செய்தது. தண்டவாளத்துக்கு மேல் 34.5 அங்குலம் என்பது அந்த அளவு. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர 1900 ஆயிற்று.

இப்போது மேசை மேல் ஓடும் ரயிலுக்கு வருவோம். எச்.ஓ. என்ற அளவில் நிஜத்தின் 87இல் ஒரு பங்காகப் பெட்டி செய்வார்கள். தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நிஜக் கொக்கியின் 34.5 அங்குலம் இங்கே ஏறத்தாழ 10 மி.மீ. ஆகிறது. 1930களில் ஒருவர் செய்த சக்கரம் இன்னொருவர் தண்டவாளத்தில் ஓடாது. அதனால் 1935இல் மில்வாக்கி நகரில் ஆர்வலர்கள் கூடித் தேசிய மாதிரி ரயில் சங்கம் தொடங்கிப் பொது அளவுகளை வகுத்தார்கள். சக்கரம், தண்டவாளம் சரியாயின. கொக்கிதான் இழுத்தடித்தது. 1950களில் சங்கம் சோதனைக்காக வடிவமைத்த ஒரு கொம்புக் கொக்கியை, மலிவானது என்பதால் உற்பத்தியாளர்கள் எல்லாரும் மாட்டிவிட்டார்கள். ஓரிகன் மாநிலச் சகோதரர்கள் கீத், டேல் எட்வர்ட்ஸ் செய்த ‘கேடி’ கொக்கி நிஜக் கொக்கியைப் போலவே இருந்தது, காந்தத்தால் திறந்தது. ஆனால் காப்புரிமை அவர்களிடம். 1990களில் அது முடிந்த பிறகுதான் மற்றவர்களும் அதோடு சேரும் கொக்கிகளைத் தாராளமாகச் செய்தார்கள். பெரிய ரயிலில் விட்டுக்கொடுத்து நடந்தது, சின்ன ரயிலில் காத்திருந்து நடந்தது.

ஆகவே பழுது பார்க்கும் முறையும் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. ஒரு பெட்டியைப் பக்கத்துப் பெட்டிக்கு ஏற்ப ராவாதீர்கள். அப்படிச் செய்தால் மூன்றாவது பெட்டியோடு அது சேராது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொது அளவுமானியோடு ஒப்பிடுங்கள்.

முதலில் சக்கர இடைவெளி. அச்சில் சக்கரத்தை மெல்லத் திருகி நகர்த்திச் சரி செய்யலாம்.

அடுத்து கொக்கி உயரம். தொங்கினால் கொக்கிப் பெட்டியின் மூடி தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தும் தாழ்வாக இருந்தால், சக்கரம் தாங்கும் போகிக்கும் பெட்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவே மெல்லிய வாஷர் ஒன்று போதும். ஒரு முனையில் வாஷர் போட்டதும் மறுமுனையையும் அளந்துவிடுங்கள்.

பிறகு திருகு. ஒரு போகியின் திருகை, அது பக்கவாட்டில் திரும்ப மட்டும் இடம் விட்டு இறுக்குங்கள். மற்றதைச் சற்றுத் தளர்வாக, எல்லாப் பக்கமும் அசையும்படி விடுங்கள். நாற்காலி மேடுபள்ளத் தரையில் ஆடும், முக்காலி ஆடாது அல்லவா? அதே கணக்குதான்.

கடைசியில் எடை. சங்கத்தின் பரிந்துரைப்படி 1 அவுன்சோடு, நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் கூட்ட வேண்டும். 6 அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம்.

மேசை மேல் அரை மில்லிமீட்டர் தவறினால் பெட்டி கழன்று போகும், அவ்வளவுதான். நிஜப் பெட்டிகளில் பொது அளவு இல்லாத காலத்தில் தொழிலாளிகள் அதற்கு விரல்களைக் கொடுத்தார்கள். கொக்கியின் உயரத்தை அளக்கும்போது அவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாணவர்களில் ரயில்வேயிலும் பட்டறைகளிலும் வேலை பார்ப்பவர்கள் பலர் உண்டு. உங்கள் வேலையில் அளவுமானி எதைக் காப்பாற்றுகிறது என்று கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.