மாலை சட்டமான கதை

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் இருக்கும் நெற்குப்பையில் அந்தக் காலத்தில் ஒரு கல்யாணம் என்றால், மாலை பூக்கடையிலிருந்து வந்தால் மட்டும் போதாது, கோயிலிலிருந்தும் வரவேண்டும். பயண எழுத்தாளர் சோமலெ பிறந்த இந்த ஊர், செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களில் ஒன்று. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று நகரத்தாருக்குக் கோயில்கள் ஒன்பது. எந்தக் கோயிலைச் சேர்ந்த வீடோ, அந்தக் கோயில் மாலை வந்து இறங்கினால்தான் கல்யாணம் ஊர்க்கணக்கில் ஏறியது. புதுத் தம்பதி ஒரு 'புள்ளி', அதாவது அந்தக் கணக்கில் ஒரு தனிக் குடும்பம், ஆனார்கள். இரு வீட்டாரும் 'இசைகுடிமானம்' என்ற திருமண ஒப்பந்தத்தை எழுதினார்கள். மாப்பிள்ளை பெண்ணின் கழுத்தில் கழுத்தீரு என்ற தாலியைப் பூட்டினார். கல்யாணம் நடந்ததற்கு இவ்வளவு பக்காவான ஆவணம் வைத்திருந்த சமூகங்கள் குறைவு. சாதி விட்டுக் கல்யாணம் செய்தவருக்கு மட்டும் அந்த மாலை வரவில்லை.

நகரத்தார் ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிப் போய், ஆண்டுக்கணக்கில் அங்கே வட்டிக்கடை நடத்தினார்கள். ஆச்சிமார்கள் அரண்மனை போன்ற வீடுகளில் வரவு செலவு பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, சீர் முறைகளைத் துளி பிசகாமல் செய்து முடித்தார்கள். இவ்வளவு நிர்வாகம் செய்த கைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு இல்லை. ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் மகள் இருந்தாலும் வேறொரு பையனைச் சுவீகாரம் எடுத்தார்கள். கணவன் இறந்துவிட்டால், பெண் எந்த வயதில் இருந்தாலும் வெள்ளைச் சேலைதான். இந்தக் கட்டுமானத்தில் விரிசல் விழும் என்று 1920-கள் வரை யாரும் நினைக்கவில்லை.

1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில், புரோகிதர் இல்லாமல், பெரியார் தலைமையில் ஒரு கல்யாணம் நடந்தது. சுயமரியாதைத் திருமணங்களில் முதலாவதாகச் சுயமரியாதை இயக்கத்தார் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. செட்டிநாட்டு இளைஞர்களையும் அந்தக் காற்று தொட்டது. நகரத்தார் குடும்பத்து இராம. சுப்பிரமணியம், மேடைகளில் பேசியும் எழுதியும் வந்த நீலாவதியை 1930-ல் சாதி கடந்து மணந்தார். 1936-ல் காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்ற பெயரிலேயே ஓர் இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் மரகதவல்லி அம்மையார் என்ற பெண்! ஊர் ஊராகப் புதுமுறைக் கல்யாணங்கள் நடந்தன. தலைவர் ஒருவர் பேசுவார், மணமக்கள் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள், வந்தவர்கள் வாழ்த்துவார்கள். அவ்வளவுதான் கல்யாணம். இதெல்லாம் சட்டப்படி செல்லுமா என்று மேடையில் இருந்தவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு நகரத்தார் வீட்டு வழக்கு. தெய்வானை ஆச்சிக்கும் சிதம்பரம் செட்டியாருக்கும் இடையே நடந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. வழக்கின் முடிச்சு, 1930-களில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லுமா செல்லாதா என்பதில் இருந்தது. 1953-ல் தீர்ப்பு வந்தது. ஓமம் வளர்க்கவில்லை, ஏழடி எடுத்து வைக்கும் சப்தபதி இல்லை. வழக்கம் என்று சொல்லவும் இது நெடுங்காலப் பழக்கம் அல்ல. ஒரு கூட்டம் நினைத்த மாத்திரத்தில் புதிய திருமண முறையை உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஆகவே, கல்யாணம் செல்லாது.

விழுந்தது ஒரு வழக்கின் தீர்ப்பு. ஆட்டம் கண்டதோ கால் நூற்றாண்டாக மாலை மாற்றிக்கொண்ட அத்தனை குடும்பங்களும். அடி ஆண் பெண் இருவர் மேலும் விழுந்ததாகத் தோன்றலாம். உண்மையில் அதைத் தாங்கியவள் பெண். ஆண் அப்போதும் சொத்துக்காரன்தான். அவளோ மனைவி என்ற இடத்தையே இழந்தாள், அவள் பிள்ளைகள் முறையான வாரிசு என்ற பெயரை இழந்தார்கள். சமத்துவத்துக்காகத் தாலியையும் ஐயரையும் வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்கு, அந்தத் துணிச்சலே எதிரியாக நின்றது. 1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது விடிவு வரும் என்று பலர் காத்திருந்தார்கள். அதன் 7-வது பிரிவும் வழக்கமான சடங்குகளையே கேட்டது. கதவு மறுபடியும் அடைபட்டது.

திறந்தது 1967-ல். தேர்தலில் வென்று முதலமைச்சரான அண்ணா, அந்த ஆண்டே இந்து திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். மாலை, மோதிரம், தாலி எல்லாம் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பதுபோல முதல் வரைவு அமைந்திருந்ததாகவும், அதைப் பார்த்த பெரியார் ஏதாவது ஒன்று போதும் என்று மாற்றச் சொன்னதாகவும் இயக்கத்தார் சொல்லி வருகிறார்கள். சட்டமான வாசகம் அப்படித்தான் இருக்கிறது. உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். அல்லது தாலி கட்டலாம். புரோகிதர் தேவையில்லை. இதற்குமுன் அப்படி நடந்த திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம்தான், இன்று மண்டப மேடைகளில் ஐந்து நிமிடத்தில் முடிகிற மாலை மாற்றும் கல்யாணத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் பிரிவு 7ஏ.

எதிர்பாராத திருப்பம் ஒன்று 33 ஆண்டுகள் கழித்து வந்தது. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே 1984-ல் ஒருவர் திருத்தணியில் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டினார். மனைவி வழக்குப் போட்டார். 'ஏழடி எடுத்து வைக்கவில்லை, ஆகவே இரண்டாவது நடந்தது கல்யாணமே இல்லை' என்று கணவர் தப்பிக்கப் பார்த்தார். கீழ் நீதிமன்றம் அதை ஏற்று விடுதலையும் செய்தது. எந்தச் சப்தபதியைக் காட்டிச் சுயமரியாதைக் கல்யாணத்தை அன்று அழித்தார்களோ, அதே சப்தபதி இப்போது இரண்டு பெண்டாட்டிக்காரரின் கேடயமானது. 2001-ல் நாகலிங்கம் – சிவகாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 7ஏ பிரிவை எடுத்துக் காட்டியது: தமிழ்நாட்டில் தாலி கட்டினாலே போதும், ஏழடி தேவையில்லை. குற்றம் உறுதியானது. 2023-ல் இளவரசன் வழக்கில், வழக்கறிஞர் முன்னிலையில் நடந்தாலும், ஊரறிய நடக்காவிட்டாலும், 7ஏ திருமணம் செல்லும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று ஓடிவரும் பெண்களுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய துணை.

ஆனாலும் இந்தப் பிரிவுக்கு ஒரு வேலி உண்டு. மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் மாலை செல்லும். ஒருவர் வேறு மதம் என்றால் பெரும்பாலும் 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான். பெயரும் முகவரியும் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டு, 30 நாள் காத்திருக்கவேண்டும்.