நுண்நெகிழிப் பரவல், கடலில்

5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்கள் காற்று, அலை, நீரோட்டம், உயிரினங்கள் ஆகியவற்றால் கடலில் இடம்பெயர்வது. ஆலைகளின் மூலப்பொருளான நெகிழிமணிகள் முதனிலைத் துகள்கள். பை, வலை, துணியிழை முதலியன சிதைந்து உண்டாவன இரண்டாம் நிலைத் துகள்கள்.

பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் ஆகிய நெகிழிகள் நீரைவிட அடர்த்தி குறைந்தவை. மிதந்து சென்று ஐந்து பெருங்கடற்சுழல்களில் திரள்கின்றன. பிவிசி நெகிழி மூழ்கும். மிதப்பவைகூட, பாசியும் நுண்ணுயிரும் படிந்து எடை கூடும்போது கீழிறங்குகின்றன. மிதவையுயிரிகள் விழுங்கிய துகள்கள் அவற்றின் கழிவோடு ஆழத்தை அடைகின்றன. மேற்பரப்பில் காணப்படுவது கடல்சேர்ந்த மொத்தத்தில் சிறு பங்கே. மரியானா அகழியிலும் ஆர்க்டிக் பனியிலும் இவை கண்டறியப்பட்டுள்ளன.

சர்காசோ கடலில் மிதந்த துகள்களைப் பற்றி ஆய்வாளர்கள் கார்பென்டர், ஸ்மித் இருவரும் 1972இல் எழுதினர். ஆய்வாளர் ரிச்சர்ட் தாம்ப்சன் குழுவினர் நுண்நெகிழி பற்றி 2004இல் எழுதிய கட்டுரைக்குப் பின் ஆய்வு விரிவடைந்தது.

வட இந்தியப் பெருங்கடலில் நீரோட்டம் பருவக்காற்றோடு திசை மாறுகிறது; துகள்கள் செல்லும் திசையும் அதற்கேற்ப மாறும். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பற்றிப் பின்னர் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் நெகிழிமணிகள் கடலில் கலந்தன. அறியப்பட்ட நெகிழிமணிக் கசிவுகளில் இதுவே மிகப் பெரியது. அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் என்பதால் நீர்கொழும்பு, சரக்குவ உள்ளிட்ட மேற்குக் கரையெங்கும் மணிகள் ஒதுங்கின. தீயில் உருகிக் கருகிய துண்டுகளும் மணலில் கலந்ததால் பிரித்தெடுப்பது பெரும்பாடாயிற்று. மீன்பிடித் தடையால் கரையோர மீனவர்கள் வாழ்வாதாரம் இழந்தனர். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது.