வீட்டில் இருக்கும் பழைய சிடிக்களைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நமது வீடுகளில் பீரோவின் மேல்தட்டையோ பரணையோ துழாவினால், ஒரு பிளாஸ்டிக் பையில் பத்து இருபது சிடிக்களாவது கிடைக்கும். ஜும்ஆ முடிந்து வரும்போது வாங்கிய பயான்கள், நாகூர் ஹனீஃபா பாடல்கள், நிக்காஹ் டிவிடி, ஸ்டூடியோவில் கொடுத்த போட்டோ சிடி என்று எல்லாம் கலந்து கிடக்கும். கடையில் விற்றவை பலவும் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. அவற்றுக்காக அவசரப்பட வேண்டியதில்லை. மக்தப் விழாவில் பிள்ளை ஓதிய கிராஅத், மர்ஹூமான அத்தா பேசிய நாலு வார்த்தை, இன்று நம்மோடு இல்லாத ஒரு ஹஜ்ரத் நமது தெருவில் செய்த பயான் ஆகியவை அந்த ஒரு தட்டில் மட்டுமே இருக்கக்கூடும். முதலில் எடுக்க வேண்டியவை அவைதான்.

இவற்றைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் உண்டு. கம்பெனியில் அச்சடித்த சிடியில் ஒலி நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்திருக்கும். வீட்டிலோ ஸ்டூடியோவிலோ 'ரைட்' செய்த சிடியில் அப்படி இல்லை. ஒரு சாயப் படலத்தை லேசர் சுட்டுத்தான் எழுதுகிறது. வெப்பமும் வெளிச்சமும் பட்டால் அந்தச் சாயம் மெல்ல மங்கும். மலையடிவாரம் என்றாலும் நமது ஊர்களின் சித்திரை வெயிலில் பரண் எப்படிக் கொதிக்கும் என்பது தெரிந்ததே. ஸ்டூடியோவில் மாஸ்டர் பிரதி இருக்கும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். இடம் போதாமல் பழைய நிக்காஹ் பதிவுகளை அழித்துவிடுவது அங்கே சகஜம்.

இப்போது வரும் மடிக்கணினிகளில் சிடி போடும் டிரைவ் பெரும்பாலும் இருப்பதில்லை. யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் கணினிக் கடைகளில் கிடைக்கும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். பழைய கணினி வைத்திருப்பவரிடம் கேட்டும் செய்து கொள்ளலாம்.

சிடியைப் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். எம்பி3 என்று முடியும் ஃபைல்கள் தெரிந்தால் வேலை சுலபம். அப்படியே காப்பி செய்து கணினியில் ஒட்டிவிடலாம். 'டிராக் 01.சிடிஏ' என்று வரிசையாகத் தெரிந்தால் அது ஆடியோ சிடி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

அந்த சிடிஏ ஃபைல் ஒவ்வொன்றும் வெறும் 44 பைட்தான். அதில் ஒலி கிடையாது. 'இந்தப் பாட்டு சிடியில் இன்ன இடத்தில் தொடங்குகிறது' என்று சொல்லும் முகவரிச் சீட்டு மட்டுமே அது. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் பாட்டனாரின் பேச்சை இப்படித்தான் பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தார்கள். டிராக் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. சிடி டிரைவுக்குள் கிடந்தவரை பென் டிரைவில் தட்டினாலும் பாடியது. அதை நம்பி சிடியைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் அந்தப் பென் டிரைவைக் கொண்டுபோய்ப் போட்டபோது ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. தட்டில் அதற்குள் கீறல் விழுந்துவிட்டது. முக்கால்வாசிப் பேச்சைத்தான் நம்மால் மீட்டுக் கொடுக்க முடிந்தது.

ஆடியோ சிடியிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்க வேண்டும். இதை 'ரிப்' செய்வது என்பார்கள். விண்டோஸோடு வரும் மீடியா பிளேயரில் 'ரிப் சிடி' என்ற பட்டன் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள சிடிக்கு அது போதும். அரிய பதிவுகளுக்கு 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற இலவச மென்பொருளையே சிபாரிசு செய்வோம். ஆடியோ சிடியில் ஓர் இடம் படிக்க முடியாமல் போனால் டிரைவ் அந்த இடத்தை உத்தேசமாக நிரப்பிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. கேட்கும்போதுதான் 'டிக்' என்று சத்தம் வரும். இந்த மென்பொருளோ சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். நேரம் பிடிக்கும், விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

எந்த வடிவில் சேமிப்பது? சிடி தரத்தில் 'வேவ்' ஃபைல் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். 'ஃபிளாக்' வடிவில் தரம் குறையாமல் ஏறக்குறையப் பாதி இடத்தில் அடங்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு 1 எம்பிதான். ஆனால் எம்பி3 ஆக்கும்போது வெட்டிய ஒலி திரும்ப வராது. ஆகவே ஃபிளாக்கில் ஒன்றை வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்ப எம்பி3 ஒன்று செய்து கொள்ளுங்கள். மென்பொருள் இணையத்திலிருந்து தானாகக் கொண்டுவரும் பெயர்களைச் சரிபாருங்கள். டிராக்குகளின் நீளத்தை வைத்துத்தான் அது தேடுகிறது. ஒரே டிராக்காக உள்ள பயானுக்கு ஏதோ ஒரு சினிமாப் பாட்டின் பெயர் வந்து நிற்பதும் உண்டு!

வீடியோ சிடி என்றால் 'எம்பெக்ஏவி' ஃபோல்டரில் உள்ள டேட் ஃபைல்களை எடுக்க வேண்டும். டிவிடி என்றால் 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டரை முழுதாக எடுக்க வேண்டும். இரண்டும் விஎல்சி பிளேயரில் ஓடும். வீடியோ சிடியில் பிழை திருத்தும் ஏற்பாடு குறைவு. பிளேயரில் ஓடும் தட்டுகூட காப்பி செய்யும்போது பாதியில் நின்றுவிடும். அப்போது 'ஐசோபஸ்டர்' போன்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். கடையில் விற்ற டிவிடிக்களின் பூட்டை உடைப்பது வேறு விஷயம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் சேர்த்த 65ஏ பிரிவின்கீழ் அது குற்றமாகலாம். அடுத்தவர் உரிமையுள்ள பதிவுகளைப் பிரதி எடுத்து விற்பதும் கூடாது.

ஜமாஅத் மலர், மத்ரஸா ஆண்டறிக்கை, நிக்காஹ் பத்திரிகை ஆகியவற்றின் டிடிபி ஃபைல்கள் உள்ள சிடிக்களில் இன்னொரு சிக்கல். அவை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். எழுத்துருவையும் சேர்த்துச் சேமியுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம்.

படிக்க மறுக்கும் சிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வேறொரு டிரைவில் போட்டும் பாருங்கள். ஒன்று மறுப்பதை இன்னொன்று படிக்கும். பளபளக்கும் பக்கத்தைவிடப் பெயர் எழுதும் பக்கத்தைத்தான் அதிகம் காக்க வேண்டும். சிடியில் பதிவுப் படலம் அந்தப் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே விழும் கீறலைச் சரி செய்ய முடியாது. ஸ்டிக்கரை உரித்தால் படலமும் சேர்ந்து வந்துவிடும்.

ஏற்றி முடித்ததும் சிடியை வெளியே எடுத்துவிட்டு, பிரதியை வேறொரு கணினியில் போட்டுக் கேளுங்கள். குறிப்பாகக் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். சிடி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுகிறது, கைபட்டுத் தேய்வதோ விளிம்பு. பயானின் முடிவில் வரும் துஆதான் பெரும்பாலும் முதலில் கெடுகிறது. பேசியவர், இடம், தேதி ஆகியவற்றை ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். அந்தக் குரலை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவது நல்லது. ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும், இன்னொன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும்.

பிறகு சிடிக்களை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். அரிய பதிவுள்ளவற்றை நிழலான இடத்தில், உறையில் நிறுத்தி வையுங்கள். குர்ஆன் பதிவான சிடியில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து இல்லாததால், முஸ்ஹஃபைப் போல ஒளுவோடுதான் தொட வேண்டும் என்பதில்லை என்றே உலமாக்கள் பலர் சொல்கிறார்கள். ஆயினும் தோட்டத்தில் பறவை விரட்டக் கட்டித் தொங்கவிட வேண்டாம். ஆயத் அச்சிட்ட உறைகளை மட்டும் தனியே எடுத்து, கிழிந்த முஸ்ஹஃபுத் தாள்களோடு சேர்த்துவிடுங்கள்.