"அங்கேயே நிறுத்துங்க!" - ஹோவி மீக்கர் என்ற ஐஸ் ஹாக்கி வாத்தியார்



ஆடி முடித்த வீரர்கள் மைக்கைப் பிடிப்பது நமக்குப் புதிதல்ல. கவாஸ்கர், ரவி சாஸ்திரி குரல்களைக் கேட்டே கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆனால் பழைய வீரர் ஒருவர் வர்ணனைக்கு வந்தால் அவரிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன? "எங்க காலத்துல இப்படி இல்ல சார்" என்ற கதையா? அல்லது நம் கண்ணுக்குத் தப்பிய ஏதோ ஒன்றைக் காட்டித் தருவதா?

இரண்டாவது வேலையைச் செய்து, அதற்காகவே பேர் வாங்கியவர் கனடாவின் ஹோவி மீக்கர். ஐஸ் ஹாக்கி பனித்தரையில் ஆடும் ஆட்டம். பக்கத்துக்கு ஆறு பேர், காலில் ஸ்கேட்டிங் ஷூ, பந்துக்குப் பதில் பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டு. 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். நடுவில் இரண்டு இடைவேளைகள். இந்த இடைவேளைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போரிலிருந்து பனித்தரைக்கு

மீக்கர் 1923 நவம்பர் 4ஆம் தேதி ஒன்டாரியோ மாகாணத்தின் கிச்சனர் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் கனடா ராணுவத்தில் சேர்ந்தார். இங்கிலாந்தில் பயிற்சியின்போது கையெறி குண்டு ஒன்று அவர் கால்களுக்கு இடையே வெடித்தது. மோசமான காயம். இனி ஆட முடியுமா என்பதே சந்தேகம் என்ற நிலை.

ஆனால் ஆடினார்! 1946-47 சீசனில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக என்.எச்.எல். லீக்கில் இறங்கினார். அப்போது அந்த லீக்கில் மொத்தமே ஆறு அணிகள்தான். இடம் கிடைப்பதே குதிரைக் கொம்பு. 1947 ஜனவரி 8 அன்று சிகாகோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 கோல்கள் அவர் கணக்கில் எழுதப்பட்டன. அந்தச் சீசனில் மொத்தம் 27 கோல்கள். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை அவருக்குத்தான் போனது. அதே ஆண்டு அறிமுகமான இன்னொரு பையன் 7 கோல் மட்டுமே போட்டிருந்தான். அவன் பெயர் கோர்டி ஹோ. பிற்காலத்தில் என்.எச்.எல்.லில் 801 கோல் அடித்து ஜாம்பவான் ஆனவர்!

இந்த ஒப்பீடு மீக்கரின் கதையைப் புரிந்துகொள்ள உதவும். மீக்கர் 346 ஆட்டங்களில் மொத்தம் 83 கோல்கள்தான் அடித்தார். அதாவது மூன்றில் ஒரு பங்கு முதல் சீசனிலேயே வந்துவிட்டது. அதன் பிறகு அந்த எண்ணிக்கையை அவர் ஒருமுறைகூடத் தொடவில்லை. ஆட்டக்காரராக அவர் நட்சத்திரம் அல்ல. நல்ல அணியின் நல்ல உழைப்பாளி. அவர் இருந்த காலத்தில் டொராண்டோ 1947, 1948, 1949, 1951 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை வென்றது.

1951: ஒரே ஆண்டில் இரண்டு வெற்றிகள்

1951 இறுதிச்சுற்றில் டொராண்டோவும் மான்ட்ரியலும் மோதின. ஐந்து ஆட்டங்கள், ஐந்துமே கூடுதல் நேரத்துக்குப் போயின. ஏப்ரல் 21 அன்று ஐந்தாவது ஆட்டத்தில் பில் பரில்கோ என்ற தடுப்பாட்டக்காரர் வெற்றி கோலை அடித்தார். அந்த கோலுக்கு உதவியதாகப் பதிவான இருவரில் ஒருவர் மீக்கர். அதே ஆகஸ்டில் மீன்பிடிக்கப் போன பரில்கோ சென்ற சிறு விமானம் காணாமல் போனது. அதன் சிதைவுகள் கிடைக்க 1962 வரை ஆனது. டொராண்டோ அடுத்த கோப்பையை வென்றதும் 1962இல்தான்.

மீக்கருக்கோ அந்த ஆண்டு வேறொரு திசையிலும் கதவு திறந்தது. ஜூன் மாதம் வாட்டர்லூ சவுத் தொகுதி இடைத்தேர்தலில் முற்போக்குப் பழமைவாதக் கட்சி சார்பில் நின்று ஜெயித்தார். ஆட்டத்தை விட்டுவிட்டு அல்ல, ஆடிக்கொண்டே எம்.பி! 27 வயதில் நாடாளுமன்றத்துக்கும் பனித்தரைக்கும் இடையே ஓடினார். 1953 தேர்தலில் மறுபடி நிற்கவில்லை.

வேலை போன பிறகு

காயங்களால் ஆட்டம் முடிவுக்கு வந்ததும் பயிற்சியாளர் ஆனார். பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸ் அணி அவர் பயிற்சியில் 1955இல் அமெரிக்க ஹாக்கி லீக்கின் கால்டர் கப்பை வென்றது. அடுத்து 1956-57இல் தன் பழைய அணியான டொராண்டோவுக்கே பயிற்சியாளர். அங்கே ராசி கைகொடுக்கவில்லை. 21 வெற்றி, 34 தோல்வி, 15 டிரா. அணி பிளே-ஆஃப் சுற்றுக்கே போகவில்லை. 1957இல் பொது மேலாளராகப் பதவி உயர்வு கொடுத்தார்கள். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே வேலையிலிருந்து நீக்கியும் விட்டார்கள்.

பலரும் இந்த இடத்தில் காணாமல் போயிருப்பார்கள். மீக்கர் நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனார். பெரிய லீக்கின் வெளிச்சம் படாத தீவு அது. அங்கே பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். என்னைக் கேட்டால் பின்னாளில் டிவியில் நாடே பார்த்த மீக்கர் உருவானது இந்த ஆண்டுகளில்தான். பத்து வயதுப் பையனுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவருக்கு யாருக்கும் சொல்லத் தெரியும், இல்லையா?

திரையில் ஒரு கோடு

கனடாவில் சனிக்கிழமை இரவு என்றால் 'ஹாக்கி நைட் இன் கனடா'. 1952 முதல் டிவியில் வரும் நிகழ்ச்சி. 1960களின் கடைசியில் மீக்கர் அதில் விமர்சகராக நுழைந்தார். அவருடைய மேடை, மேலே சொன்ன இடைவேளைதான்.

கீச்சென்ற உச்சக் குரல். படபடப்பான பேச்சு. வானொலிக்கேற்ற கம்பீரம் துளியும் கிடையாது. ஆனால் அவர் கையில் ஒரு புதுக்கருவி இருந்தது: டெலிஸ்ட்ரேட்டர். ஓடும் வீடியோவை நிறுத்தி அதன் மேலேயே கோடு போட உதவும் கருவி இது. லெனர்ட் ரைஃபெல் என்ற இயற்பியலாளர் உருவாக்கியது. ஹாக்கி ஒளிபரப்பில் இதை ஆரம்பத்திலேயே பயன்படுத்தியவர்களில் மீக்கர் முக்கியமானவர். அமெரிக்கக் கால்பந்தில் ஜான் மேடன் இதைப் பிரபலமாக்கியது 1980களில்தான்.

ஐஸ் ஹாக்கியில் பக் போகிற வேகத்துக்கு அரங்கில் இருப்பவர்களுக்கே கோல் எப்படி விழுந்தது என்று தெரியாது. "ஸ்டாப் இட் ரைட் தேர்!" என்று கத்துவார் மீக்கர். படம் நிற்கும். பிறகு பின்னால் ஓட்டச் சொல்வார். கோல் அடித்தவரை விட்டுவிட்டு, அதற்கு நாலு வினாடி முன்னால் தன் ஆளைக் கவனிக்காமல் பக்கையே வேடிக்கை பார்த்த தடுப்பாட்டக்காரரைச் சுற்றி வட்டம் போடுவார். தவறு அங்கேதான் நடந்தது என்பார். கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்த ரசிகர் வாயை மூடிக்கொள்வார்!

ஒரு சங்கடமும் உண்டு. நாடே பார்க்கும் நிகழ்ச்சியில், ஆட்டம் இன்னும் முடியாதபோதே, ஒரு வீரனின் தவறை நிறுத்திவைத்துக் காட்டுவது லேசான விஷயமா? அந்த வீரனின் குடும்பமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கும்? நியாயமான கேள்விதான். ஆனால் மீக்கர் தாக்கியது ஆளை அல்ல, செயலை. "இவன் சோம்பேறி" என்று சொல்வதற்கும் "இந்த இடத்தில் இவர் இரண்டடி உள்ளே நின்றிருக்க வேண்டும்" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது வசை. இரண்டாவதை வைத்து, வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் மறுநாள் சரியான இடத்தில் நிற்க முடியும்.

உண்மையான சண்டை எதற்கு?

மீக்கரின் கோபம் தனி வீரர்கள் மீது இல்லை, கனடா தன் பிள்ளைகளுக்கு ஹாக்கி கற்பிக்கும் முறை மீதுதான். ஸ்கேட்டிங், பக்கைக் கட்டுப்படுத்துவது, பாஸ் கொடுப்பது ஆகிய அடிப்படைகளைச் சொல்லித்தராமல், வெற்றி தோல்வியை மட்டுமே பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். ஹாக்கி எங்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று மார்தட்டும் நாட்டில் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

1972 செப்டம்பரில் இதற்கு ஒரு பெரிய சாட்சி கிடைத்தது. கனடாவின் தொழில்முறை வீரர்களும் சோவியத் யூனியனும் மோதிய எட்டு ஆட்டத் தொடர். கனடா ஊதித் தள்ளிவிடும் என்று பலர் நினைத்தார்கள். மான்ட்ரியலில் நடந்த முதல் ஆட்டத்திலேயே 7-3 என்று சோவியத் ஜெயித்தது. கடைசி ஆட்டத்தில் 34 வினாடிகள் மிச்சம் இருக்கும்போது பால் ஹெண்டர்சன் போட்ட கோலால்தான் கனடா தொடரைக் கைப்பற்றியது. ஜெயித்தது கனடாதான். ஆனால் சோவியத் வீரர்களின் பாஸ்களையும் உடல்தகுதியையும் பார்த்த பிறகு பழைய கர்வத்தோடு பேசுவது கடினமாகிவிட்டது.

1973இல் சி.பி.சி. தொலைக்காட்சியில் 'ஹோவி மீக்கர்ஸ் ஹாக்கி ஸ்கூல்' தொடங்கியது. 1977 வரை வந்தது. ஒவ்வொன்றும் 15 நிமிடம். பனித்தரையில் சிறுவர்களோடு நின்று, மட்டையை எப்படிப் பிடிப்பது, எப்படித் திரும்புவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். குறை சொன்னவரே அந்தக் குறையைத் தீர்க்கவும் இறங்கினார். டிவியில் குறை சொல்பவர்கள் எத்தனையோ பேர் உண்டு. மறுநாள் காலையில் பிள்ளைகளோடு போய் நின்றவர்கள் அதில் எத்தனை பேர்?

கடைசி ஆண்டுகள்

பின்னர் டி.எஸ்.என். விளையாட்டுச் சேனலில் பணியாற்றி 1998இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஒளிபரப்பாளர்களுக்கான ஃபாஸ்டர் ஹியூவிட் நினைவு விருது கிடைத்தது. 2010இல் ஆர்டர் ஆஃப் கனடா. 2020 நவம்பர் 8 அன்று, 97ஆவது பிறந்தநாள் முடிந்த நான்காம் நாள், பிரிட்டிஷ் கொலம்பியாவில் காலமானார்.

83 கோல் அடித்த வீரர், இரண்டே ஆண்டு எம்.பி., ஒரே சீசனில் துரத்தப்பட்ட என்.எச்.எல். பயிற்சியாளர். இந்த மூன்றில் எதை எடுத்தாலும் வரலாற்றில் ஒரு வரிதான் தேறும். ஆனால் இடைவேளையில் கிடைத்த சில நிமிடங்களில், ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒரு நாட்டுக்கே சொல்லிக்கொடுத்தார். இன்று எந்த விளையாட்டைப் போட்டாலும் படத்தை நிறுத்தி, வட்டம் போட்டு, அம்புக்குறி இட்டு விளக்குகிறார்கள். அடுத்த முறை அப்படி ஒரு வட்டத்தைப் பார்க்கும்போது, அந்த விமர்சகர் எதையாவது புதிதாகக் காட்டுகிறாரா, இல்லை நாமே பார்த்ததைத்தான் திருப்பிச் சொல்கிறாரா என்று கவனித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த வர்ணனையாளர் இந்தப் பரீட்சையில் தேறுவாரா?